கெல்டி தொகுதியின் கடைசி எண்ணிக்கை

— கோழிகளைத் திறந்து விட்டியா?

— விட்டேன்.

— நாய்க்கு?

— போட்டேன்.

— அடுப்பு?

— சாம்பல் அள்ளினேன். கரி போட்டேன். ஓட்ஸ் கஞ்சி கிளறினேன். நீ தூங்கிட்டிருந்த. நானே குடிச்சேன். சட்டிய ஊறப் போட்டேன். அப்புறம் சவரம்.

— ஓட்டு எண்ணற அன்னிக்கு மனுஷன் கஞ்சி கிளறியிருக்கான்!

— வேற என்ன பண்ணச் சொல்ற, எஃபி?

— ஒண்ணும் வேணாம். இந்தா, பன் ஆறுது. கறி வெச்சது உனக்கு, முட்டை எனக்கு.

— பசிக்கல.

— சாப்பிடு டார்கில். ஹாலுக்குள்ள இப்பத்தான் மூணாவது தடவ எண்ண ஆரம்பிச்சிருக்காங்க. அது வரைக்கும் கார்ல உக்காந்து மழையவே பாத்துட்டிருப்பியா?

— மொத தடவ எண்ணினப்போ நான் அஞ்சு ஓட்டு முன்னாடி. ரெண்டாவது தடவ மூணு ஓட்டு முன்னாடி. எனக்குப் பயமா இருக்கு.

— மாட்டு வைத்தியருக்கே பயமா?

— சிரிக்காத. கெடிஸ் என்ன சொல்லி என்னை நிக்க வெச்சாரு? "பேருக்கு ஒரு ஆளு வேணும் டாக்டர். நம்ம லேபர் கட்சி கெல்டியில ஜெயிச்சதே இல்ல, ஜெயிக்கவும் போறதில்ல, சத்தியமா"ன்னாரு. அவரு நாய்க்குப் பிரசவம் பாத்துட்டிருந்தேன். கையெல்லாம் சோப்பு. சரின்னுட்டேன்.

— நாய் ஆறு குட்டி போட்டுச்சு. நீ எம்.பி. ஆகப்போற.

— ஊர்க்காரன் எல்லாம் எனக்கே போடுவான்னு யாருக்குத் தெரியும்?

— பாதிராத்திரி போய்ப் போய் மாடு பாத்தியே, அப்பவே தெரிஞ்சிருக்கணும். சரி... கெல்டி எம்.பி.ங்க வரலாறு தெரியுமா உனக்கு?

— நீ சொல்லாம விடமாட்ட.

— மொத ஆளு கோட்டை வீட்டுக்காரர். மூணு தேர்தல், போட்டியே இல்ல. பார்லிமென்ட்டுக்குன்னு லண்டன் போனவர் சால்மன் மீன் பிடிக்கற சீசனுக்கு மட்டும் வருவாரு. ரெண்டாவது ஆளு அங்கயே ஒரு கல்யாணம் பண்ணிக்கிட்டாரு.

— அவருக்கு இங்க ஒரு பொண்டாட்டி இருந்தாங்களே?

— அதத்தான் சொல்றேன். மூணாவது எங்கப்பா. லிபரல். அஞ்சு தேர்தல்ல ஜெயிச்சாரு. திங்கக்கிழம ரயில் ஏறினா அவ்வளவுதான். எனக்கு அவரு நிஜ முகத்த விட, சுவத்துல ஒட்டின முகம்தான் நல்லாத் தெரியும்.

— தெரியும் எஃபி.

— ஆறாவது தடவ கன்சர்வேட்டிவ்காரன் அவரத் தோக்கடிச்சான். ஊரே துக்கம் விசாரிக்க வருது, எங்கம்மா அடுப்படியில கேக் பண்ணிட்டிருக்காங்க. பாட்டு வேற.

— அப்படின்னா... நான் ஜெயிக்கக் கூடாதுங்கறியா?

— நான் எப்போ சொன்னேன்? வரலாறு சொன்னேன்.

— ஏழு மாசம் உனக்கு. குழந்த பொறக்கறப்போ நான் லண்டன்ல...

— தந்தி அடிக்கறேன்.

— விளையாடாத.

— நீ போகணும்னா போ, டார்கில். நான் கதவுல குறுக்க நிக்கமாட்டேன். எங்கம்மாவும் நிக்கல. அங்க பாரு, உன் ஏஜென்ட் கெடிஸ் ஓடி வர்றாரு. குடை கூட இல்ல. கண்ணாடிய இறக்கு.

— டாக்டர்! டாக்டர்! நாசமாப் போச்சு!

— மூச்சு வாங்கிட்டுச் சொல்லுங்க, மிஸ்டர் கெடிஸ்.

— நாலு ஓட்டுச் சீட்டு செல்லாதுன்னுட்டாங்க, மிசஸ் கில்லிஸ். நாலும் டாக்டருக்கு விழுந்த ஓட்டு! அந்த லிபரல் வேட்பாளர் மன்ரோவோட ஆளு கண்ணுல பட்டுடுச்சு. பெருக்கல் குறி போட்டதோட நிக்காம பக்கத்துல எழுதி வெச்சிருக்கானுங்க. "கன்னுக்குட்டி பொழச்சிடுச்சு டாக்டர், நன்றி. ஆலிஸ்டர், மேட்டுப் பண்ணை."

— அதுல என்ன தப்பு?

— யாரு போட்டதுன்னு தெரியற மாதிரி எழுதினா செல்லாதே! ரகசிய ஓட்டும்மா! ஒருத்தன் குதிரை பேரக் கூட எழுதியிருக்கான், டாக்டர்.

— எந்தக் குதிரை?

— டாக்டர்!

— இல்ல... கால் வீக்கம் வத்திடுச்சான்னு எழுதியிருந்தானா?

— ஒரு ஓட்டு, டாக்டர். ஒரே ஒரு ஓட்டுல இப்ப ஆர்ச்சி மன்ரோ முன்னாடி இருக்கான். ஆனா இன்னும் அறிவிக்கல. இன்னொரு தடவ எண்ணணுமான்னு அதிகாரி உங்களக் கேக்கச் சொன்னாரு. ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். அடுத்த தேர்தல்ல கெல்டிங்கற தொகுதியே கிடையாது. வடக்குப் பாதி ஒரு தொகுதிக்கு, தெற்குப் பாதி இன்னொரு தொகுதிக்குன்னு பிரிச்சுக் குடுத்துட்டாங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து இங்க தோத்துட்டே இருக்கோம். கடைசிப் பேராவது நம்ம பேரா இருக்கட்டுமே, டாக்டர்.

— மன்னிச்சுக்கங்க, கெடிஸ். போதும்.

— என்ன போதும்?

— எண்ணினது போதும். மன்ரோவையே அறிவிக்கச் சொல்லுங்க. நான் வந்து கை குலுக்கறேன்.

— மிசஸ் கில்லிஸ், நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?

— அது அவரோட முடிவு, மிஸ்டர் கெடிஸ். தொப்பலா நனைஞ்சிருக்கீங்க. ஃப்ளாஸ்க்ல டீ இருக்கு, குடிங்க.

— எனக்கு டீ வேண்டாம்... சக்கரை போட்டிருக்கா?

— ரெண்டு கரண்டி.

— குடுங்க... பொய் சொல்ல மாட்டேன், டாக்டர். நீங்க லண்டன் போயிட்டா நாய்க்கு ஊசி போட யாரு வருவான்னு வீட்டுல ரெண்டு நாளாத் தொணதொணன்னு பிடுங்கறா.

— பாத்தீங்களா!

— நான் அழுதேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க. போய்ச் சொல்லிட்டு வர்றேன்...

— போயிட்டாரு, டார்கில்.

— ம்.

— என்ன, அழறியா?

— சிரிக்கறேன். அந்தப் பன்னக் குடு. ரெண்டு நாள் கழிச்சு இப்பத்தான் பசிக்குது.

— மெதுவா. மென்னு தின்னு.

— எஃபி... ஒண்ணு சொல்லணும். திட்டாத.

— சொல்லு.

— வேட்பாளர் தன் ஓட்ட எதிராளிக்குப் போடறது ஒரு மரியாதன்னு சொல்வாங்கல்ல?

— அதெல்லாம் கோட்டை வீட்டுக்காரங்க காலத்துல. ஏன்?

— நான் மன்ரோவுக்குப் போட்டேன்.

— மரியாதைக்கா?

— மரியாதைக்கு இல்ல. பயம். பென்சிலக் கையில எடுத்தேன். நீ வயித்தத் தள்ளிக்கிட்டு அந்த வீட்டுல தனியா... கை தானா அவன் பேருக்குப் போயிடுச்சு.

— அடப்பாவி!

— எனக்கே போட்டிருந்தா அவனுக்கு ஒண்ணு குறைஞ்சு, எனக்கு ஒண்ணு கூடி, இப்ப ஒரு ஓட்டுல நான் ஜெயிச்சிருப்பேன்.

— மூணு தடவ எண்ணினாங்களே... அந்த ஒரு ஓட்டு நீயா?

— கெடிஸ்கிட்ட சொல்லிடாத. உயிர விட்டுடுவாரு.

— ஐயோ... சிரிச்சுச் சிரிச்சு... உன் பிள்ள உதைக்குது, இரு.

— போதும், போதும். தண்ணி குடி. நீயும் மன்ரோவுக்குத்தானே போட்ட? அவன் உங்கப்பா கட்சிக்காரன் வேற.

— நீ தோக்கணும்னுதான் ராத்திரியெல்லாம் வேண்டிக்கிட்டேன்.

— அதானே பாத்தேன்.

— ஆனா என் கையால நீ தோக்கக் கூடாது, டார்கில். உனக்குத்தான் போட்டேன்.