ஆலாக்கள் தரையிறங்கட்டும்

அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் அண்ணன் பூவராகவன் அவர்களே! ஆரம்பாக்கத்து வயலை விட்டு வந்திருக்கும் பெரியோர்களே! கும்மிடிப்பூண்டி ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து, உறங்காத கண்களோடு வந்திருக்கும் தோழர்களே! சித்திரை வெயிலைத் தலையில் தாங்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பழவேற்காட்டுக் கடைத்தெருவில் மளிகைக் கடை நடத்தும் அசன் முகைதீனின் அன்பு வணக்கம்.

இந்த மணல்முனைக்கு இன்று வரலாற்றுப் பலகை திறக்கிறோம். கடல் ஒருபுறம், ஏரி ஒருபுறம், நடுவே இந்த மண். இந்த மண்ணைத் தேடி வராதவர் யார்? அரபு வணிகர் வந்தார். போர்த்துக்கீசியர் வந்தார். ஒல்லாந்தர் வந்தார், கோட்டை கட்டினார், கொடி கட்டினார், கொள்ளை கொள்ளையாய்க் கட்டிக்கொண்டும் போனார். துணி மட்டுமா போனது? மனிதர்களையும் கப்பலேற்றி விற்றார்கள் ஐயா! விற்றவர் பெயர் கல்லறையில் கல்வெட்டாக நிற்கிறது. விற்கப்பட்டவர் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

கை தட்டாதீர்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், கை தட்டாதீர்கள். எனக்கு இங்கே நிலைகொள்ளவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்கு முன் பேசிய தம்பி விமல், தலைக்கு மேல் வட்டமிடும் வெள்ளைப் பறவைகளைக் காட்டி, விழாவை வாழ்த்த வந்திருக்கின்றன என்றார். நீங்கள் விசில் அடித்தீர்கள். நானும் மகிழ்ந்துபோனேன். பிறகு வெற்றிலை துப்ப மேடைக்குப் பின்னால் போனேன். பந்தல் முளைக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் மணலில் இரண்டு முட்டைகள். கூடில்லை, குச்சியில்லை. நாலடி தள்ளி இன்னும் மூன்று. அடுத்த காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றேன். சிரியுங்கள், பரவாயில்லை, மெல்லச் சிரியுங்கள்.

அங்கே நம் குப்பம்மாள் அக்கா ஒரு முட்டைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டிருந்தார். என்னக்கா என்றேன். “வெயில்ல வேவுது பாய். அதான் நெழலு காட்டிக்கினு கீறேன்” என்றார்.

எவ்வளவு பெரிய மனசு! ஆனால் அக்கா, நீங்கள் குடையோடு நிற்கும்வரை தாய்ப்பறவை எப்படி இறங்கும்? ஏரியில் வயிற்றை நனைத்து வந்து, அந்த ஈரத்தால் முட்டையைக் குளிரவைக்கும் ஆலாப் பறவை அது. ஆலாய்ப் பறக்கிறோம் என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். அதோ, ஆலாக்கள் பறக்கின்றன. வாழ்த்தவா பறக்கின்றன? வாய்விட்டு அழுதபடி பறக்கின்றன! நாம் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கீழே மணல் சுடுகிறது, முட்டை சுடுகிறது, உள்ளே ஓர் உயிர் சுடுகிறது. மண்ணுக்குப் பலகை வைக்கிறோம் என்று சொல்லி, பறவையின் பிள்ளைகள் மேலேயே பந்தல் போட்டிருக்கிறோமே, இது நியாயமா?

தலைவர் என் சட்டையை இழுக்கிறார். சிறப்பு விருந்தினரின் கார் பொன்னேரி ரயில்வே கேட்டில் நிற்கிறதாம். காதில் சொல்கிறார்: “பாய், அவுரு வர்ற வரிக்கும் பேசிக்கினே இரு. கூட்டம் கலைஞ்சா பேஜாராயிடும்.”

அண்ணே, கூட்டம் கலையட்டும் என்றுதான் பேசுகிறேன்.

அவர் வந்ததும் வெடிக்கப் பத்தாயிரம் வாலா சரத்தை மணலில் விரித்து வைத்திருக்கிறீர்கள். கோட்டை கட்டிப் பீரங்கி வைத்தவனைப் பழித்துவிட்டு நாம் பட்டாசு வைக்கலாமா? அந்தச் சரத்தைச் சுருட்டுங்கள். பலகையைத் தூக்குங்கள். கடைத்தெருவில், என் கடை வாசலில் திறப்போம். விருந்தினரை அங்கே வரவேற்போம். கோபப்பட்டால் என்மேல் கோபப்படட்டும். மாலையில்லை, மரியாதையில்லை என்றாலும் மனிதன் பொறுத்துக்கொள்வான். வெந்த முட்டை குஞ்சு பொரிக்குமா?

மைக்கைப் பிடித்தால் விடமாட்டான் என்று என்னைப் பற்றி ஊரே சொல்லும். இன்று விடுகிறேன். பந்தலை அந்திக்குமேல் வந்து பிரிப்போம். நாற்காலிகள் அப்படியே கிடக்கட்டும். வந்த தடத்திலேயே, ஒருவர் பின் ஒருவராக, தரையைப் பார்த்து நடங்கள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். குப்பம்மாக்கா, குடையை மடக்குங்கள்.

வந்து அமர்ந்ததற்கு உங்களுக்கு நன்றி. எழுந்து போவதற்கு அதைவிடப் பெரிய நன்றி. வணக்கம்.

குப்புராஜு, மைக்க ஆஃப் பண்ணுப்பா.