ஞாயித்துக்கிழமை சித்தி

அக்கான்னு கூப்பிட்டதுக்கா இப்படி முறைக்கறீங்க? ஆஸ்டல் ரெஜிஸ்டர்ல பாத்துட்டுத்தானே வந்தீங்க. பேரு பொற்கொடி, தாயார் கருப்பாயி, உள்ளூர்ச் சொந்தம் கெம்பம்மா, அதாவது நான், முறை சித்தி. அப்ப நீங்க எனக்கு அக்காதானே? உக்காருங்க. பையக் கீழ வைங்க. உங்க பொண்ணு பத்திரமா இருக்கா, எவன்கூடவும் ஓடிப் போகல. இருக்கற எடத்தச் சொல்றேன், சொல்லாம எங்க போயிடப் போறேன். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, பக்கத்து வீட்ல நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து தூங்கறாங்க.

ஆமா, உங்களுக்குத் தங்கச்சியே கெடையாது. எனக்கும்தான் அக்கா கெடையாது. ஒத்தப் பொண்ணாப் பொறந்தவ நான்.

எல்லாம் ஒரு நோட்டீஸால வந்த வெனை. ஓசூரு பஸ் ஸ்டாண்டுல ஒரு கம்பம் பாக்கியில்லாம ஒட்டியிருக்கான், பாத்திருப்பீங்களே. பகுதி நேர வேலை, உங்கள் விருப்பம்போல் நேரம், டென்ஷன் இல்லை, மனநிறைவு உறுதி. மனநிறைவாம்! எங்க வீட்டுக்காரரு இருவது வருசமாக் குடுக்காதத இவன் கம்பத்துல ஒட்டியிருக்கான். போனேன். போன்ல பேசற வேலை. கன்னடம் வருமான்னாங்க, வரும். தெலுங்கு? வரும். உடனே எடுத்துகிட்டாங்க. அப்புறந்தான் தெரிஞ்சது, மூணு பாஷையிலயும் திட்டு வாங்கறதுக்கு ஆள் தேடியிருக்காங்க. லோன் வேணுமான்னு கேட்டதுக்கு அத்திப்பள்ளிக்காரன் ஒருத்தன் கன்னடத்துல என் வம்சத்தையே கழுவி ஊத்தினான். அத விட்டுட்டு ரோஜாத் தோட்டத்துக்குப் போனேன். விருப்பம்போல் நேரம்னா அவங்க விருப்பமாம், காலைல நாலரை மணி. ஒரே வாரத்துல கையெல்லாம் முள்ளு.

கடைசில இந்த செல்போன் கம்பெனி ஆஸ்டலுக்கு எதிர்ல இட்லி மாவு விக்க உக்காந்தேன். அங்கதான் வந்தா உங்க பொண்ணு. ஞாயித்துக்கிழமை வெளிய விடணும்னா சொந்தக்காரங்க வந்து கையெழுத்துப் போடணுமாம், ஒரு வாட்டி சித்தின்னு போடறீங்களான்னு கேட்டா. பத்தொம்போது வயசு. ஒரு நாளைக்கு ஆயிரம் செல்போனுக்கு மூடி மாட்றவளுக்கு, ரோட்டத் தாண்டி வந்து ஒரு டீ குடிக்க சித்தி வேணும்! எனக்கென்ன, வாரத்துல ஒரு நாளு, ஒரு கையெழுத்து, தொந்தரவே கெடையாது. அடடா, நோட்டீஸ்ல போட்டிருந்த வேலை இதுதான்னு நெனச்சேன்.

அவ போயி ரூம்ல சொல்ல, இப்ப எனக்குப் பதினோரு அக்கா. தென்காசில ஒண்ணு, ராமநாதபுரத்துல ரெண்டு, அரியலூருல ஒண்ணு. கேட்ல ஆஞ்சப்பன்னு ஒரு வாட்ச்மேன். ஏம்மா, ஊருக்கு ஒரு அக்கா இருக்குதே, உங்கப்பா லாரி ஓட்டுனாரான்னு கேட்டான். ஆமா, நேஷனல் பர்மிட்டுன்னேன். கையெழுத்து நோட்ட நீட்டிட்டான்.

சம்பளமா? தீபாவளிக்கு நீங்க குடுத்துவிட்ட சேவுல பாதி நான்தான் தின்னேன். காரம் கொஞ்சம் தூக்கல்.

வெளிய வந்து என்ன பண்றாங்கன்னுதானே பாக்கறீங்க? ஒருத்தி சினிமாவுக்குப் போவா. ஒருத்தி மலைக்கோயிலுக்குப் போயி செல்பி எடுப்பா. உங்க பொண்ணு இந்தா, இந்தத் தரையில படுத்துத் தூங்குவா. ரூம்ல எட்டுப் பேரு, மூணு ஷிப்டு, எந்நேரமும் எவளோ ஒருத்தியோட அலாரம் அடிக்குதாம். பத்து மணிக்குப் படுத்தான்னா சாயங்காலம் நாலு மணிக்கு எந்திரிப்பா. இந்தத் தூக்கத்துக்குத்தான் இத்தன ரூல்ஸ், ஒரு சித்தி.

இல்ல, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லதான். புதன்கிழமை. கெட்டிக்காரி நீங்க.

வெள்ளிக்கிழமை மாவு ஆட்டிகிட்டிருக்கேன், போன் வருது. நீங்க பொற்கொடி சித்தியா, வயித்து வலில கம்பெனில வேலை லைன்லயே விழுந்துட்டா, ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னாங்க. நான் பார்ட் டைமுங்கன்னு சொல்லவா முடியும்? மாவுக் கையோட ஓடினேன். குடல்வால் வெடிக்கற மாதிரி இருக்குது, உடனே ஆபரேசன் பண்ணணும், சொந்தக்காரங்க கையெழுத்துப் போடணுங்கறாங்க. உங்களுக்குத்தான் போன் போடலாம்னு செல்ல எடுத்தேன். கையப் புடிச்சுகிட்டா. வேணாம் சித்தி, அம்மா வந்தா கூட்டிட்டுப் போயி மாமா பையனுக்குக் கட்டி வெச்சுரும், அப்புறம் வேலைக்கே விடாதுங்கறா. அந்த வலியிலயும் இதான் கவலை அவளுக்கு.

பயந்துட்டேன்க்கா. வாட்ச்மேன் நோட்டுல பொய்க் கையெழுத்துப் போடறது வேற, பெத்தவ உசுரோட இருக்கறப்ப அந்த ஆபரேசன் பாரத்துல போடறது வேற. நோயாளிக்கு என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. பகுதி நேரம்னு எழுத அதுல எடமில்ல. சித்தின்னு எழுதிப் போட்டுட்டேன்.

அட, அழாதீங்க. பக்கத்து வீட்ல யாரும் தூங்கல. அந்தக் கதவுக்குப் பின்னாடி உங்க பொண்ணுதான் மாத்திரை போட்டுட்டுத் தூங்கறா. மெதுவாத் தொறங்க. வயித்துமேல கையப் போட்டுறாதீங்க, நாளைக்குத்தான் தையல் பிரிக்கறாங்க. மாமா பையன் பேச்ச இப்ப எடுக்காதீங்க, அவ எந்திரிச்சு ஒரு வாய் சாப்பிடட்டும். நாளைக்கு ஆஸ்பத்திரில கையெழுத்துக் கேட்டா நீங்களே போட்டுருங்க. எனக்கு ஒரு நாள் லீவு குடுங்கக்கா, ஞாயித்துக்கிழமை டூட்டிக்கு வந்துடறேன்.