ஒட்டுசுட்டானுக்குப் போற கார்

விடுங்கோ தம்பி, வாளியை விடுங்கோ. எனக்கு ஏலும். காலமை தொடக்கம் நான்தானே அள்ளுறன், இப்ப மட்டும் என்ன பாரம். நீங்கள் கையைக் கழுவிப்போட்டு அந்த மரக்குத்தியிலை இருங்கோ. தேத்தண்ணி கொண்டு வந்திருக்கிறன், பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு குடியுங்கோ. கார் எங்கையும் ஓடிப்போகாது. ஓடுமெண்டால் இவர் உங்களை ஏன் முள்ளியவளையிலை இருந்து கூட்டிக்கொண்டு வாறார்.

என்ன கேட்டனியள்? ஓ, அதோ. கார் ஸ்ரார்ட் ஆனவுடனை ஒட்டுசுட்டானுக்குக் கொண்டு வாங்கோ எண்டு சொல்லிப்போட்டு, மத்தியானம் இவர் சைக்கிளிலை ஏன் பறந்தவர் எண்டு. பிள்ளைப்பேற்று அவசரம், பொழுதுபட முன்னம் கார் ஓடவேணும் எண்டு உங்களுக்குச் சொன்னவர், என்ன. ஓம், அது பொய்யில்லை. சொல்லுறன், குடியுங்கோ.

இந்த ஒஸ்ரின் கார் என்ரை ஐயா எனக்குச் சீதனமாத் தந்தது. சாவகச்சேரியிலை இருந்து முத்தையன்கட்டுக்குக் குடியேறி வரேக்கை பானை சட்டி, விதைநெல்லு எல்லாத்தையும் இதிலைதான் அடைஞ்சுகொண்டு வந்தனாங்கள். பிறகு ஒருநாள் இவர் தண்ணி விட மறந்து ஓடி, எஞ்சின் சூடேறி இறுகிப்போச்சு. கொட்டிலுக்கை தள்ளி விட்டதுதான். எஞ்சினுக்கு மேலை கோழி அடைகிடந்து குஞ்சும் பொரிச்சுது. இதை ஒருக்காத் திருத்துங்கோவன் எண்டு நான் எத்தினை தரம் கேட்டிருப்பன். பாப்பம் பாப்பம் எண்டே நாள் போச்சு.

அப்ப நான் பிள்ளைத்தாச்சி. தலைப்பிள்ளை. நோ கண்டவுடனை வண்டிலிலை ஏத்தினவர், முல்லைத்தீவு ஆசுப்பத்திரிக்கு. மாரிகாலம், பாதை முழுக்கச் சேறு. தண்ணீரூற்று மதகடியிலை சில்லு பள்ளத்துக்கை விழுந்திட்டுது. மாடு படுத்திட்டுது, எழும்பேல்லை. நான் அந்த வண்டிலுக்கையே பெத்தனான். ஆம்பிளைப் பிள்ளை. ஒருக்கா அழுதவன், அவ்வளவுதான். அதைப்பற்றி என்னாலை கனக்கக் கதைக்கேலாது தம்பி. இவர் என்ன சொன்னவர் தெரியுமோ? எஞ்சின் இறுகின காரை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது எண்டவர்.

இருக்க, இப்ப போன மாதம் திடீரெண்டு வவுனியாவுக்குப் போய், அடிபட்டுக் கிடந்த காரொண்டின்ரை எஞ்சினை வாங்கிக்கொண்டு வாறார். ஒட்டுசுட்டான் வரைக்கும் லொறியிலை, அங்காலை பக்கத்து வளவு அப்புத்துரையின்ரை வண்டிலிலை. வைக்கல் பரப்பி, அதுக்கு மேலை சாக்கு விரிச்சு, குலுங்காமல் வந்து இறங்கிச்சுது. அதே வண்டில்தான். என்னை ஏத்தேக்கை அதிலை ஒரு பிடி வைக்கல் இல்லை.

ஆனால் எனக்குச் சந்தோசம். உண்மையைச் சொன்னால் என்ன, பைத்தியம் பிடிச்ச மாதிரிச் சந்தோசப்பட்டன். உனக்குத்தானப்பா எண்டார். முதல் ஓட்டம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எண்டார். பின் சீற் கிழிஞ்சு கிடக்கு, மெத்தெண்டு இருக்கிற மாதிரித் தைச்சு விடு எண்டார். இலவம் பஞ்சு அடைஞ்சு நான்தான் தைச்சனான். தொட்டுப் பாருங்கோ, எவ்வளவு பதமா இருக்குதெண்டு. ஆர் படுக்கிறதுக்கு எண்டு எனக்கு அப்ப தெரியாது.

எஞ்சினைப் பூட்ட வந்தவர் ஸ்ரீபன் எண்டு, முல்லைத்தீவுக் கடற்கரை ஆள். நல்ல மனிசன். வந்த அண்டைக்கே கிணத்தடிக்கு ஓடிவந்து என்ரை கையிலை இருந்த வாளியைப் பறிச்சவர். இந்த நேரத்திலை நீங்கள் பாரம் தூக்கக்கூடாதக்கா எண்டார். எந்த நேரத்திலை எண்டு கேட்டன். என்ரை மனிசிக்கு இது பேற்று மாதம், அதுக்குள்ளை கார் ஓடவேணும் எண்டு அண்ணை சொன்னவரே எண்டார். பிறகு என்ரை வயித்தைப் பாத்திட்டுத் தலையைக் குனிஞ்சு கொண்டார்.

நீங்களும் வந்து இறங்கின நேரம் தொடக்கம் வாளியைத்தான் பறிக்கிறியள். உங்களுக்கும் மனிசிக்கு எண்டுதான் சொல்லியிருக்கிறார், என்ன? குனியாதேங்கோ தம்பி, உங்களிலை ஒரு பிழையும் இல்லை. அவர் சொன்ன மனிசி நானில்லை. அவ ஒட்டுசுட்டானிலை இருக்கிறா. இராசமலர் எண்டு பேர். ஊரிலை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, அப்புத்துரைக்குந் தெரியும், எனக்கு மட்டுந்தான் ஒருத்தரும் சொல்லேல்லை. உரம் எடுக்கப் போறன், சங்கத்துக்குப் போறன் எண்டு அவர் அங்கை போகேக்கை எல்லாம், வழியிலை பசிக்குமெண்டு நான் சோறு கட்டிக் குடுத்தனான். கூடுதலாவே கட்டினனான்.

இன்னொருத்தியை வைச்சிருந்ததைக் கூட நான் ஒருவேளை தாங்கியிருப்பன். ஆனால் அவளின்ரை பிள்ளைக்கு எஞ்சின் கிடைச்சுதே தம்பி. தேடினால் கிடைக்கும் எண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. என்ரை பிள்ளைக்குத் தேடேல்லை. அதுதான் நெஞ்சுக்கை கிடந்து வேகுது.

ஓமோம், ஸ்ரீபன் பூட்டி முடிச்சு ஸ்ரார்ட் பண்ணிக் காட்டிப்போட்டுத்தான் போனவர். நல்லா ஓடினது. அடுத்த நாள் இவர் ஸ்ரார்ட்டரை அமத்த, சோக் கம்பி சூடேறிப் புகைஞ்சு அறுந்து போச்சு. அதுக்குப் பிறகு லைற் எரியுது, ஹோண் அடிக்குது, எஞ்சின் மட்டும் அசையுதில்லை. ஆக்களை விட்டுத் தள்ளியும் பாத்தார், ஹாண்டில் போட்டுச் சுத்தியும் பாத்தார், பத்தேல்லை. நீங்களும் பற்றரியை மாத்திப் பாத்திட்டியள், ஸ்ரார்ட்டரைக் கழட்டித் திருப்பிப் பூட்டிட்டியள். பாவம், சட்டையெல்லாம் எண்ணெய்.

இவர் நேற்று முழுக்க ஸ்ரீபனைத்தான் திட்டினவர். நம்ப வைச்சுக் கழுத்தறுத்திட்டான் எண்டு. அந்தச் சொல் அவரின்ரை வாயிலை இருந்து வந்தது. நான் குசினிக்கை நிண்டு கேட்டனான்.

மத்தியானம் ஒட்டுசுட்டானிலை இருந்து வந்த ஆள் என்ன சொன்னது எண்டு உங்களுக்குக் கேட்டதோ? இல்லை, நீங்கள் காருக்குக் கீழை கிடந்தனியள். அவளுக்கு நோ கண்டிட்டுதாம்.

தேத்தண்ணி முடிஞ்சுதோ? சரி, எழும்புங்கோ. அந்தா கோழிக்கூடு தெரியுதெல்லே? எஞ்சின் வர, கோழியளுக்கு இருக்க இடமில்லை எண்டு நான் புதுசாக் கட்டினது. அதின்ரை கதவைச் சுத்தி ஒரு கம்பி கிடக்கு பாருங்கோ, செப்புக் கம்பி, பின்னல் பின்னினது போலை, தட்டையா. அதை அவிட்டு எடுங்கோ. எஞ்சினிலை இருந்து காரின்ரை சட்டத்துக்குப் போறது அதுதான். எஞ்சின் ரப்பருக்கு மேலை நிக்கிறதாலை கறண்டு திரும்பிப் போக வேறை வழியில்லையாம்; அதுதான் அண்டைக்கு மெல்லிய சோக் கம்பியாலை பாய்ஞ்சு அதை எரிச்சது. அதில்லாட்டி லைற் எரியும், ஹோண் அடிக்கும், எஞ்சின் அசையாது எண்டு ஸ்ரீபன் பூட்டேக்கை சொன்னவர். ஸ்பானர் எடுத்துக் குடுத்துக்கொண்டு பக்கத்திலை நிண்டது நான்தானே.

ஓம், நான்தான் கழட்டினனான். என்னை அப்பிடிப் பாக்காதேங்கோ. வண்டிலிலை போனால் எப்பிடி இருக்கும் எண்டு அவளும் ஒருக்கா அறியட்டும் எண்டு நினைச்சன். இண்டைக்குக் காலமையும் அந்த எண்ணந்தான். அந்த ஆள் வந்து நோ கண்டிட்டுது எண்டு சொன்ன நேரம் தொடக்கம் நான் அந்தக் கோழிக்கூட்டடிக்குப் போறதும் திரும்பி வாறதுமா நிக்கிறன். உங்களோடை இவ்வளவு கதைச்சதும் அதாலைதான்.

அவிட்டிட்டியளோ? கதவு திறந்தபடி கிடக்கட்டும், நான் ஒரு கயித்துத் துண்டு பாத்துக் கட்டுறன். நான் மன்னிச்சுப்போட்டன் எண்டு மட்டும் அவரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. கம்பி எங்கை கிடந்தது எண்டு சொல்லுங்கோ. பிள்ளை பிறந்து முடிய, என்ரை காரை நீங்களே கொண்டு வந்து இந்தக் கொட்டிலுக்கை விடுங்கோ. அவர் காரோடை வரத் தேவையில்லை.

கெதியாப் பூட்டிக்கொண்டு போங்கோ. அவளை ஏத்திக்கொண்டு முல்லைத்தீவு ஆசுப்பத்திரிக்குப் போகேக்கை, தண்ணீரூற்று மதகடியிலை மட்டும் மெல்லமா விடுங்கோ தம்பி. அந்தப் பள்ளம் இன்னும் மூடேல்லை.