முதலில் ஓடிய இரண்டாம் பாதி

அண்ணி: ...இந்தா தம்பி, டீ. ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? படம் ஓடுதில்ல?

தம்பி: ஓடுது அண்ணி... கதவைச் சாத்துங்க. பேசறது உள்ள கேட்கும்.

அண்ணி: கேட்கட்டும். காலைலேர்ந்து வகுப்புல கத்தினது போதாதுன்னு, சம்பளம் இல்லாம இங்க வந்து டிக்கெட் வேற கிழிக்கிறேன். அதுவும் ரெண்டே ரெண்டு!

தம்பி: நான் மட்டும் என்ன? நாள் முழுக்க பஸ் ஓட்டிட்டு நேரா வர்றேன். கண்ணு சொருகுது. அதுலதான்...

அண்ணி: அதுலதான்?

தம்பி: ரெண்டாம் பாதியை முதல்ல போட்டுட்டேன்.

அண்ணி: அடப்பாவி!

தம்பி: கதாநாயகி செத்தாச்சு. இனிமேதான் அவளுக்குக் கல்யாணம்.

அண்ணி: சிரிக்காதே... எனக்கும் சிரிப்பு வருது. உள்ள யாரும் சத்தம் போடலையா?

தம்பி: மூச்சு விடலை.

அண்ணி: நாம போடறது கலைப்படமாச்சே. இப்படித்தான் இருக்கும்னு நெனச்சிருப்பாங்க.

தம்பி: அண்ணன் இருந்திருந்தா என் காதைத் திருகியிருப்பார்.

அண்ணி: அவர் இருந்தப்போ கூடமாட ஒத்தாசைக்குத் தெருவே வரும். இப்போ நீயும் நானும்தான்... ஒருத்தர்கூட வராத அன்னிக்குப் பூட்டிடலாம்னு பேசினோமே, ஞாபகம் இருக்கா?

தம்பி: இருக்கு. யாராவது வந்துட்டே இருக்காங்களே...

அண்ணி: ம்... வர்றாங்கதான். அது சரி, கதை தலைகீழா ஓடுது. ஒருத்தர்கூடவா எழுந்து வந்து கேட்க மாட்டாங்க?

தம்பி: ...அந்த ரெண்டு பேர்ல தொப்பி போட்டவர் கேட்க மாட்டார்.

அண்ணி: ஏன்?

தம்பி: அவர் என் பஸ் கண்டக்டர். வாராவாரம் நான்தான் வரச் சொல்றேன். உட்கார்ந்ததும் தூங்கிடுவார்.

அண்ணி: நீயா? எதுக்குடா?

தம்பி: அண்ணன் போனப்புறம் உங்களுக்குன்னு இருக்கறது இந்தத் தியேட்டர் ஒண்ணுதான். பூட்டிட்டா ஒடிஞ்சு போயிடுவீங்களோன்னு பயம். நிஜமா சொல்றேன், என்னால முடியலை அண்ணி... ஆனா இன்னொருத்தர், அந்தக் கண்ணாடிக்காரர், படம் பார்க்கவே வர்றவர். ஒரு வாரம் தவறினதில்லை. அவர் முகத்துல எப்படி முழிக்கறதுன்னுதான்...

அண்ணி: முழிக்கலாம், பரவாயில்லை. அவர் எங்க தெரு தையல்காரர். உனக்கு இந்த இடம்னா உசுருன்னு நெனச்சுக்கிட்டு, வாராவாரம் நான்தான் அவரைக் கெஞ்சிக் கூத்தாடி அனுப்பறேன்... பூட்டு எங்கடா வச்சிருக்கே?