மனுவேலுக்கு வைச்ச வெடி

இல்லை அண்ணை, கதவைச் சாத்தாதேங்கோ, மழை அடிக்குது. ஓம், அந்த எமில்டாதான். சூசைப்பிள்ளையின்ரை பூட்டப்பிள்ளை. உங்கடை மனுவேல் பூட்டனை எங்கடை பூட்டன் சுட்டவர் எண்டு நாலு தலைமுறையா செத்தவீட்டுக்குக்கூட வாசல் மிதிக்காத சனம் நாங்கள். இஞ்சை லண்டனிலை, பிளேஸ்டோவிலை ஒரே மாதா கோயிலுக்குத்தான் போறம். பூசையிலை சமாதானம் சொல்லேக்கை நீங்கள் என்ரை பக்கம் திரும்பவே மாட்டியள். இண்டைக்கு இந்தப் பகையை முடிச்சுப்போட்டுத்தான் போவன்.

தேத்தண்ணியோ? பிறகு குடிப்பம், இருங்கோ.

என்ரை தங்கச்சி மகன் றொமேஷ் இருக்கிறானெல்லோ, எந்த நேரமும் போனிலை பழைய சாமான் ஏலம் பாக்கிறதுதான் அவன்ரை பிழைப்பு. ஒருநாள், பெரியம்மா, சிலோனிலை சுட்ட பழைய துவக்கொண்டு கிடக்கு எண்டு படத்தைக் காட்டுறான். பார்த்தா, பிடியிலை எங்கடை வீட்டு மாட்டுக்குறி! ஓம் அண்ணை, மாட்டுக்குச் சுடுற அதே குறி, பக்கத்திலை சிலுவையும். சூசைப்பிள்ளைப் பூட்டன்ரை துவக்கேதான். ஆர் கொண்டந்ததோ? மன்னாரிலை இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் சுவரிலை மாட்டுவம் எண்டு வாங்கிக்கொண்டு வந்தவராம். இப்ப அவற்றை சந்ததி வீடு ஒதுக்கேக்கை ஏலத்துக்கு விட்டிருக்குது.

நேரை போய்ப் பார்த்தன். செபமாலையைக் கையிலை சுத்திக்கொண்டுதான் போனனான், பொய் சொல்லேல்லை. கொலை செய்த சாமானெல்லோ. அங்கை துவக்குப் பாக்கிற வயசான வெள்ளைக்காரர் ஒருத்தர், குழலுக்குள்ளை லைட் அடிச்சுப் பார்த்துப்போட்டுச் சிரிக்கிறார். மேடம், இதாலை ஒரு காகத்தைக்கூடச் சுடேலாது எண்டுறார். உள்ளுக்கை ஒடுங்கிக் கிடக்காம், குண்டு போகவே போகாதாம். வெடிமருந்தை மட்டும் இடிச்சு, சத்தம் கேக்கப்பண்ணுற சாமானாம்.

அப்பதான் அண்ணை எனக்கு மண்டையிலை பட்டுது. எங்கடை அப்பு என்ன சொல்லுறவர்? மனுவேலுக்குச் சூசைப்பிள்ளை வெடி வைச்சவர். நீங்களும் அதைத்தானே கேட்டு வளந்தனியள்? மனுவேல் பூட்டன் கோயில் மூப்பரெல்லோ. மூப்பர் செத்தா, பெட்டி கோயிலாலை வெளிக்கிடேக்கை வெடி வைக்கிறேல்லையோ எங்கடை ஊரிலை? அது மரியாதைக்கு வைச்ச வெடி! பின்னாலை வந்த நாங்கள்தான் சுட்டதெண்டு விளங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு திரியிறம்.

என்ன? அவர் காய்ச்சலிலை படுத்துத்தான் செத்தவர் எண்டு உங்கடை அம்மாவே சொன்னவவோ? நீங்கள் அதைக் காயத்தாலை வந்த காய்ச்சல் எண்டு நினைச்சியளோ? ஐயோ ஆண்டவரே! பாத்தியளே அண்ணை, பாத்தியளே!

சிரியுங்கோ, சிரியுங்கோ. உங்கடை பல்லை இண்டைக்குத்தான் பாக்கிறன். துவக்கோ? வாங்கேல்லை. அதை வைச்சு நான் என்ன செய்ய? எனக்கு அந்த மனிசன் சொன்னது போதும். அதைக் கேட்டவுடனை அவசரமா இஞ்சை ஓடிவந்தனான்.

என்ன அவசரமோ? அது வந்து... உங்கடை மகன் றொஷானும் என்ரை மகள் ஷெறோனும் போன மாசம் கலியாண எழுத்து முடிச்சிட்டினம். உங்களுக்குப் பயந்து வாய் திறக்கேல்லை. கீழை காருக்குள்ளைதான் இருக்கினம். எழும்பாதேங்கோ அண்ணை, கோவத்தை என்னிலை காட்டுங்கோ. அவளுக்கு முன்னாலை சத்தம் போடாதேங்கோ, ஏழாம் மாசம். வயித்துக்குள்ளை இருக்கிறவருக்குச் சூசைப்பிள்ளையும் சொந்த இரத்தம்தான், மனுவேலும் சொந்த இரத்தம்தான்.