ஆனி மாசத்து வெள்ளம்

...நாசமாப் போவான், அந்த வீடியோவப் போட்டவன்! வெளங்குவானா அவன்? பைய... பைய கைய நீட்டுங்க சார். எண்ண கண்ணுல போயிறாம மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிடுங்க. ஆங். நீங்க அதப் பாக்கலியா? நல்லவேள. பாத்திருந்தா நீங்களும் செங்கோட்டையில ரயில விட்டு எறங்கிருக்க மாட்டீய.

குத்தாலத்து மெயினருவியப் பாத்தீயள்லா? என்ன பதமா விழுது! சாரல் வேற. ஆனி மாசம், சனிக்கெழம. இந்நேரத்துக்கு இங்கன எண்ண தேய்க்க ஆளு வரிசையில நிக்கணும். நிக்கானா? எல்லாப் பலகையும் காலியாக் கெடக்கு. இன்னைக்கி எனக்கு வாய்ச்சது உங்க ஒருத்தர் முதுகுதான். அதான் கொஞ்சம் அழுத்தியே தேய்க்கேன், கோவிக்காதீய.

சவம், குளிக்க ஆளு வரலன்னா நாளைக்கி வாரான். எம்மவளப் பொண்ணு பாக்க வரவேண்டியவிய வரல சார்! அதுதான் வயிறு எரியுது.

மக பேரு வேல்விழி. சிவகிரியில முப்பிடாதின்னு ஒருத்தரு, மகன் போலீசு, நல்ல எடம். இங்கனலாம் ஒரு வழக்கம் உண்டு, பாத்துக்கிடுங்க. பொண்ணு பாக்க வாரோம்னு ஊரக்கூட்டிக்கிட்டு வரமாட்டாவ. சீசனுக்குக் குளிக்க வந்தோம், போற வழியில ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போவோம்னு நொழைவாவ. புடிச்சிருந்தா பேச்சு. புடிக்கலையா, ஈரத் துண்டோட வண்டியேறிருவாவ. ரெண்டு பக்கமும் மானம் போவாது. இன்னைக்கிப் பத்து மணிக்கு வரணும். புளியங்குடி வரைக்கும் வந்த வண்டியத் திருப்பிட்டாவ! ஏன்? வீடியோவுல வெள்ளம்! அருவிக்கு முன்னால இருக்க ஆர்ச்ச மூடிக்கிட்டுத் தண்ணி வருதாம், குளிக்கத் தடையாம். குளிக்க முடியாத ஊருக்கு எந்தச் சாக்கச் சொல்லி வர?

முந்தியெல்லாம் தண்ணி விழுதான்னு தெரியணும்னா எனக்குத்தான் போன் போடுவான். மதுரையில இருந்து, சாத்தூர்ல இருந்து... "அண்ணாச்சி, விழுதா?" "விழுதுடே, வா." அம்புட்டுத்தான் பேச்சு. வந்து எறங்குனதும் நேரா என் பலகைக்கி வருவான். இப்ப எவன் கேக்கான்? எல்லாம் போன்லயே பாத்துக்கிடுதான். வெள்ளன எந்திச்சு அருவி முன்னால நின்னு "வணக்கம் நண்பர்களே"ங்குதான் பாருங்க, அவந்தான் இன்னைக்கி குத்தாலத்துக்கு ராசா. கையில பலம் வேண்டாம், வாயில இருந்தாப் போதும்.

அதான் நானும் ஒரு சேனல் ஆரம்பிச்சேன்.

சிரிக்காதீய, முதுகு குலுங்குது. "மாடக்கண்ணு குத்தாலம்"னு பேரு. மகதான் எல்லாம் சொல்லிக் குடுத்தா. அவ வீட்டுக்குள்ளயே லேப்டாப்ப வச்சிக்கிட்டு எந்த நாட்டுக்காரனுக்கோ வேல பாக்கா. இவ ஒரு நாள் லீவு போட்டா அங்கன அவனுக்குத் தலகாலு புரியாதாம்! சரி, நம்ம கதைக்கி வாரேன். தெனமும் போட்டேன் சார். "தண்ணி நல்லா விழுது, கூட்டமில்ல, வாங்க"ன்னு. எத்தன பேரு பாத்தான்? முந்நூறு. அதுல பாதி சொந்தக்காரன். நல்லாருக்குன்னு சொன்னா எவனும் பாக்க மாட்டுக்கான். ஆபத்துன்னு சொல்லுங்க, ஓடி வந்து பாக்கான்!

கால மடக்குங்க... சரி, உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன, நாளைக்கி ஊருக்குப் போயிருவீய. அந்த வீடியோ... நம்ம சேனல்ல வந்ததுதான்.

எந்திக்காதீய! படுங்க, படுங்க, வழுக்கிரும். அது கார்த்திகையில வந்த வெள்ளம் சார். மக போன்ல கெடந்துச்சு. ஓரத்துல ஒரு சாமி கருப்பு வேட்டியோட நிக்காரு. ஆனி மாசத்துல ஏது சபரிமல சாமி? லட்சம் பேரு பாத்தான், ஒருத்தனாவது கேட்டானா?

முப்பிடாதி ஒருத்தருதான் கேட்டாரு. வழியில இருந்து போன் போட்டு, "மாடக்கண்ணு, உம்ம வீடியோவப் பாத்தேன், நெசமா?"ன்னாரு. இல்ல, பழசுன்னு சொல்லணுமா வேண்டாமா? எப்படிச் சொல்ல? சம்பந்தியாவப் போறவருகிட்ட மொதப் பேச்சுலயே புளுகன்னு பேரு வாங்கவா? மகன் வேற போலீசு! "நெசந்தான், என் பலகையவே அடிச்சிட்டுப் போயிட்டு"ன்னுட்டேன். இந்தா, நீங்க படுத்திருக்கீயள்லா, அந்தப் பலகதான்.

மக மொகம் வாடிருமேன்னு பயந்து போனேன். அவ என்னடான்னா கேசரிய ரெண்டு தட்டு தின்னுட்டு லேப்டாப்பத் தொறந்துட்டா. தங்கமான புள்ள சார். கல்யாணம் ஆனா இந்த வேலைய விட்டுறணும்னு சிவகிரியில சொல்லி விட்டாவ. அதுக்குக்கூட எதுத்து ஒரு வார்த்த பேசல, "சரிப்பா"ன்னா. நேத்து சாயங்காலம் அவளாத்தான் வந்தா. "எப்பா, இதப் போடுங்க, லட்சம் பேரு பாப்பான்"ன்னு...

என்ன? என்ன கேக்கீய? ஆமா, அவளேதான் எடுத்துக் குடுத்தா. நேத்துதான். முப்பிடாதி நம்ம சேனலப் பாப்பாருன்னு அவளுக்குத் தெரியுமான்னா... தெரியுமே. அவதான சொன்னா, "சிவகிரி மாமா லைக் போட்டிருக்காருப்பா"ன்னு...

ஏ... யாத்தே!

எங்க என் போனு? எண்ணக் கையில வழுக்குது, சவம்... ஏட்டி வேலு! ஏட்டி... கட் பண்ணிட்டா சார். மீட்டிங்ல இருக்காளாம், மெசேஜ் போட்டிருக்கா.

சிரிங்க, நல்லாச் சிரிங்க. எனக்கே கோவம் வருதா சிரிப்பு வருதான்னு தெரியல. நீங்க அப்படியே கொஞ்சம் ஊறுங்க, நான் வீட்டுக்குப் போயி அவள ஒரு சத்தம் போட்டுட்டு ஓடியாரேன். என்ன சொல்லிப் போடுவேன்னா கேக்கீய? அதான... என்னன்னு போட? அந்த வீடியோவுல அவ ஒரு எழுத்து எழுதல சார். "நண்பர்களே, இந்த நிமிசம் மெயினருவி"ன்னு கத்துனது நான். பலக போச்சுன்னதும் நான். அந்தப் புள்ள வாயே தொறக்கல... பொய்யெல்லாம் நாந்தான் சொல்லிருக்கேன்.