பெட்பேன் பிடிக்கப் போகிறவர்

கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடித்து ரயிலேறிய எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பொன்னேரியில் ஒரு பட்டாளத்துக்காரரும் அவர் மனைவியும் ஏறி எதிரே உட்கார்ந்தார்கள். லீவு முடிந்து போகிறவரை சென்ட்ரல் வரை வழியனுப்ப வந்திருந்தார் மனைவி.

"பீரங்கி சுட்டது போதும். இனிமே நோயாளிங்களுக்கு பெட்பேன் புடிக்கப் போறேன்," என்றார் கணவர்.

மனைவி சிரிக்கவில்லை. "இன்னா உளர்ற?"

"மெடிக்கல் பிரிவுக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன். நர்சிங் டிரெயினிங் குடுப்பாங்க."

"ரெண்டு வருசத்துல ஊட்டுக்கு வந்துடுவேன்னியே?"

"மாறினா இன்னும் அஞ்சாறு வருசம் இருக்கணும்."

மீஞ்சூர் வரும்வரை மனைவி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கணவர்தான் மறுபடி ஆரம்பித்தார்.

"எங்கப்பா நெல்லுக் களத்துல நெஞ்ச புடிச்சிக்கினு உழுந்தப்ப நான் பக்கத்துலதான இருந்தேன்? பன்னெண்டு வருசம் பட்டாளத்துல இருந்துட்டு, அவர் மேல கைய எங்க வெக்கணும்னு தெரியல. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் சும்மா நின்னுக்கினு இருந்தேன்."

"நானுந்தான் நின்னுக்கினு இருந்தேன்." மனைவியின் குரல் களைத்திருந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"சரி, மாறிக்கோ. ஆனா லீவுல வரும்போதெல்லாம் கத்துக்கினத எனக்கும் சொல்லிக் குடு. உங்கம்மாவுக்கு ஒண்ணுன்னா நீ காஷ்மீர்லேர்ந்து ரயில் புடிச்சா வருவ? ஊட்ல இருக்கப் போறது நான்தான்."